வயதுக் கணக்கு

ஆண்டுக்கு ஒருமுறை வந்து, வந்த சுவடு தெரியாமல் போய்விடுகின்ற நாள் ஒன்று ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு. அதுதான் பிறந்த நாள். பட்டணத்தில் உத்தியோகம் பார்ப்பவர் அன்று காலையில் கண்ணாடியின் முன் நின்று காதோரத்து நரையைச் சற்றே உற்று நோக்குவார். கழிந்த ஆண்டில் செய்ய நினைத்ததையும், செய்யாமல் விட்டதையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்ப்பார். பிறகு வழக்கம்போல் பஸ்ஸைப் பிடிக்க விரைவார். இந்தச் சிறு கணக்கெடுப்புக்கு அவருக்கு வேண்டியது தாம் பிறந்த திகதி இன்னது என்னும் அறிவு ஒன்றே. அதை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணுவதில்லை. மூச்சு விடுவதைப் போல அதுவும் தம்மோடு இருந்தே தீரும் என்பது அவர் நினைப்பு.

நேயர்களே, அந்தத் திகதி கைவசம் இல்லாத ஒருவர், தமக்கு வயது ஏறுவதை எங்ஙனம் அறிகிறார்? முதுமையை எந்த முழக்கோல் கொண்டு அளக்கிறார்? இலங்கையின் மலைநாட்டில், பொல்பிட்டிய என்னும் சிற்றூரையும் அதற்கு மேலே படிப்படியாக உயர்ந்து செல்லும் தேயிலைத் தோட்டங்களையும் வைத்து இந்தக் கேள்வியை ஆராய்வது பொருத்தமாக இருக்கும்.

ஹட்டனின் குளிர் பொல்பிட்டியவில் இல்லை, மழைக்கோ குறைவில்லை. மவுசாகலைப் பக்கமிருந்து இறங்கி வரும் மஸ்கெலிய ஓயாவும், காசல்ரீப் பக்கமிருந்து வரும் கெஹெல்கமு ஓயாவும் இவ்வூரின் அருகே ஒன்றாகக் கலக்கின்றன. கலந்தபின் அவற்றுக்குப் பழைய பெயர்கள் இல்லை. களனி கங்கை என்னும் பெயர் அங்கேதான் தோன்றுகிறது. கொழும்பு வரை ஓடிக் கடலில் விழும் பேராறு பிறந்த இடம் இதுவென்று விரலால் சுட்டிக் காட்டிவிடலாம். அது பிறந்த நாளை எவரால் சுட்டிக் காட்ட இயலும்? சுற்றுப்புறத் தோட்டங்களில் வாழும் முதியோர் பலரும் அந்த ஆற்றைப் போன்றவர்களே. பிறந்த தோட்டம் தெரியும். எந்த லயம், எந்தக் காம்பரா என்பதும் தெரியும். அடைமழைக் காலமா, கொழுந்து அடிபட்ட காலமா என்பதையும் தாயார் சொல்லக் கேட்டிருப்பார்கள். திகதி ஒன்றுதான் தெரியாது.

"அப்பாயி, உங்களுக்கு என்ன வயது?" என்று பேரப்பிள்ளை கேட்டால், அந்த மூதாட்டியிடமிருந்து ஓர் எண் விடையாக வருவதில்லை, வரலாறு வருகிறது. லக்சபானவில் முதலாவது மின்நிலையம் 1950-இல் இயங்கத் தொடங்கியது. அப்போது தாம் பிள்ளைக் காம்பராவில் விடப்பட்ட குழந்தை என்பார் ஒருவர். பழைய மஸ்கெலியாப் பட்டணம் 1960-களின் இறுதியில் மவுசாகலை நீர்த்தேக்கத்துக்குள் அமிழ்ந்தது; அதற்கு முந்திய ஆண்டே தாம் பெரிய மனுஷியானதாகக் கணக்குச் சொல்வார் மற்றொருவர். பொல்பிட்டிய மின்நிலையம் 1969-இல் திறக்கப்பட்டது. அது கல்யாணம் நடந்த வருஷம். 1974 டிசம்பர் 4-ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த விமானம் ஏழு கன்னியர் மலையில் மோதி, அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். அந்த வெடியோசையைக் கேட்டவர்கள் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் அண்மைக் காலம் வரை இருந்தார்கள். "விமானம் விழுந்தபோது மூத்தவன் தவழ்ந்துகொண்டிருந்தான்" என்று ஒரு தாய் சொன்னால், அது எந்தப் பதிவாளரின் ஏட்டுக்கும் குறையாத சான்று. 1973, 1974-இல் வந்த மாப்பஞ்சம் வேறொரு மைல்கல். அந்த இரண்டு ஆண்டுகளில் பிறந்து தக்கிய குழந்தையைப் பற்றிப் பேசும்போது கிழவிகளின் குரல் சற்றுத் தாழ்ந்துவிடும். தக்காமற்போன குழந்தைகளின் பெயர்களையும் அவர்கள் அறிவார்கள்.

மின்நிலையம் என்றதும் இங்கே ஒரு மனிதரை நினைவுகூராமல் செல்ல முடியாது. லக்சபான நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-ஆம் ஆண்டிலேயே கட்டுரை படித்த பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1874-இல் பிறந்தவர். அவர் கண்ட கனவு நனவாவதற்கு முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. இடையிலே வேலை தொடங்கியது, நின்றது, மறுபடியும் தொடங்கியது. 1950-இல் விளக்கு எரிந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அதன்பின் மூன்று ஆண்டுகளே அவர் வாழ்ந்தார். அத்தனை பிறந்த நாட்களிலும் அவர் மனம் எதை எண்ணியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. ஆயினும் தாம் காத்திருப்பது எதற்காக என்பதேனும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் திட்டத்தால் விளைந்த மின்கம்பிகள் எந்த லயன்களின் கூரைக்கு மேலாகச் சென்றனவோ, அந்த லயன்களில் அதன் பின்பும் பல்லாண்டுகள் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. அங்கிருந்தவர்களுக்கு எதற்காகக் காத்திருப்பது என்பதே தெளிவாக இருக்கவில்லை.

திகதி ஏன் தெரியாமற் போயிற்று? எழுத்தறிவின்மை என்று ஒரே சொல்லில் விடை கூறிவிட்டால் அது நியாயமாகாது. தமிழ்க் குடும்பங்களில் பண்டுதொட்டே பிறந்த நாளைக் காட்டிலும் பிறந்த நட்சத்திரமே பெரிது. மாதமும் நட்சத்திரமும் தெரிந்தால் கோயிலில் அர்ச்சனை செய்யலாம், சாதகம் கணிக்கலாம், சம்பந்தம் பேசலாம். அத்துடன், பிள்ளை பிழைக்குமோ பிழைக்காதோ என்ற ஐயம் இருந்த காலத்தில் பிறந்த நாளைக் கொண்டாட எவருக்குத் துணிவு வரும்? 1946-இல் இந்நாட்டில் பிறந்த குழந்தைக்கு எதிர்பார்க்கப்பட்ட சராசரி ஆயுள் நாற்பதைச் சற்றே தாண்டியதுதான். 1950-களின் நடுப்பகுதியில்தான் அது அறுபதை எட்டிப் பிடித்தது. ஆகவே முப்பத்தோராம் நாள், முடியிறக்கு, காதுகுத்து, பெண்பிள்ளை ஆளான சடங்கு என்று, பிள்ளை ஒவ்வொரு கண்டத்தையும் கடந்தது தெரிந்த பிறகே விழா வைத்தார்கள். வருஷாவருஷம் வரும் பிறந்த நாளைவிட அவை அறிவுள்ள விழாக்கள் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் தோட்டத்தில் வேறொரு கணக்கும் இருந்தது. அது தொழிலாளியின் கையில் இருக்கவில்லை. லயத்தில் மருத்துவிச்சியின் கையில் பிள்ளை பிறக்கும். தோட்ட நிர்வாகம் அதை அறிவிக்கும். ஆங்கிலம் தெரிந்த ஒரு கிளாக்கர், தம் காதில் விழுந்தபடி பெயரை எழுதுவார். முத்தம்மா முத்தாயியாகலாம், தகப்பன் பெயர் ஒரு தாளில் ஒருவிதமாகவும் மறுதாளில் வேறுவிதமாகவும் இருக்கலாம். பிள்ளை பிறந்த நாளுக்கும் அது தாளேறிய நாளுக்கும் நடுவே சில வாரங்கள் போயிருக்கலாம். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பெற்றோருக்கு ஒருவரும் சொன்னதில்லை. வாங்கி வைத்தவர்களுக்கும், பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், ஒழுகும் தகரத்தின் கீழ், கறையான் தின்னாத இடம் எங்கே இருந்தது?

நிர்வாகத்துக்கோ வயது அவசியமாக இருந்தது. ஏனெனில் வயதுக்கு ஒரு விலை இருந்தது. 1927-ஆம் ஆண்டின் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்தின்படி, பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைக்கலாகாது. அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த 1929-ஆம் ஆண்டில், மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்சம்பளம் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என்றிருந்தது. ஒரு பையன் எப்போது ஆணாகிறான்? சட்டத்தில் அதற்கு வயது எழுதியிருந்தது. பிரட்டுக் களத்திலோ அது பையனின் உயரத்தையும் கணக்கப்பிள்ளையின் மனத்தையும் பொறுத்த காரியமாகவே பெரும்பாலும் நடந்தது. வீட்டில் அரிசி போதாவிட்டால், பத்து நிரம்பாத பிள்ளைக்குப் பத்து நிரம்பியதாகத் தகப்பனே சொல்வான். தோட்டத்துப் பேச்சிலே ஒரு நாள் வேலைக்குப் 'பேர்' என்று பெயர். செக்ரோலில் முதன்முதல் பேர் பதியப்பெற்ற நாளே பலருக்கும் உண்மையான பிறந்த நாள். அந்த நாள் மட்டும் பலருக்கு நன்றாக நினைவிருக்கும்.

இந்த அசட்டையான கணக்கு, 1948-இல் உயிர்ப் பிரச்சினை ஆயிற்று. அவ்வாண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15-ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜை ஆவதற்கு, அவர் தாம் பிறந்ததைக் காட்டினால் போதாது. தம் தந்தை இந்நாட்டில் பிறந்ததைக் காட்டவேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்ததைக் காட்டவேண்டும். தம் பிறந்த திகதியையே அறியாத மனிதரிடம், தகப்பனாரின் பிறப்புக்கு அத்தாட்சி கேட்டார்கள். 1949-இல் வந்த இந்திய, பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம் இன்னொரு வாசலைத் திறந்தது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்பு, மணமானவர் ஏழு ஆண்டும் மணமாகாதவர் பத்து ஆண்டும் இடைவிடாது இந்நாட்டில் வசித்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனைகளுள் ஒன்று. எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் ஏறத்தாழ 1,34,000 பேர். பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போய்வந்த மூன்று மாதத்தைக்கூட 'இடைவெளி' என்று எண்ணி அஞ்சவேண்டிய காலம் அது.

பிறகு 1964 அக்டோபர் 30 வந்தது. ஸ்ரீமாவோ அம்மையாரும் லால் பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, ஏறத்தாழ 9,75,000 மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரிவினை ஆயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. அந்த ஒப்பந்தத்தில் ஒரு சிறு தொடர் உண்டு. எண்ணிக்கை கூறிய இடத்தில், அவர்களுடைய இயற்கைப் பெருக்கமும் உடன் சேரும் என்று எழுதியிருந்தார்கள். அதாவது, அக்டோபர் 31-ஆம் திகதி ஒரு லயத்தில் பிறந்த குழந்தை, அந்த இலட்சங்களுள் ஒன்றாகவேனும் எண்ணப்படவில்லை. அது இயற்கைப் பெருக்கம். பெற்றோர் எந்தப் பக்கத்துக் கணக்கில் விழுந்தார்களோ, அந்தப் பக்கத்தில் அதுவும் விழும். உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் யுத்தத்திலும் பஞ்சத்திலும் பிறந்ததுண்டு. ஓர் ஒப்பந்தத்தின் அடைமொழிக்குள் பிறந்த குழந்தைகள் சிலரே.

அந்தக் குழந்தையை நேயர்கள் சற்று நேரம் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தமிழர் கணக்கின்படி 1964 ஏப்ரல் நடுவில் பிறந்த வருஷத்துக்குக் குரோதி என்று பெயர். அறுபது வருஷச் சக்கரம் ஒருமுறை முழுதாகச் சுற்றி, 2024 ஏப்ரலில் மறுபடியும் குரோதி வந்தது. ஆகவே ஒப்பந்தத்துக்கு மறுநாள் பிறந்தவருக்கு 2024 அக்டோபரில் அறுபது நிரம்பியது. பிறந்த வருஷமே திரும்பி வருவதை ஒரு மனிதர் காண்பது பெரும் பேறு என்று முன்னோர் கருதினர். அதற்காகவே சஷ்டியப்த பூர்த்தி, அறுபதாம் கலியாணம் என்று ஒரு விழாவை வகுத்தனர். வசதி உள்ளவர்கள் திருக்கடவூருக்குச் சென்று அதை நிறைவேற்றினர். பழைய பிறவி முடிந்து புதிய பிறவி தொடங்குவதாக அதற்குப் பொருள் கூறுவர். 2021-இல் இந்நாட்டில் இயற்றப்பட்ட சட்டம், தொழிலாளர் ஓய்வுபெறும் குறைந்தபட்ச வயதையும் அதே அறுபதாக வைத்தது தற்செயலான பொருத்தம்.

தோட்டத்து அறுபது எத்தகையது? பதினாறிலோ பதினேழிலோ கூடையைத் தூக்கிய பெண், நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அதே சரிவுகளில் ஏறி இறங்கியிருக்கிறாள். காலையில் பிரட்டு, கொழுந்து, நிறுவை, பிறகு வீட்டு விறகு, தண்ணீர், அடுப்பு. முழங்கால் முதலில் தேயும். அட்டைக் கடியின் வடுக்கள் கணுக்காலில் நிலைத்துவிடும். விரல் நுனிகளில் ஏறிய கறை கடைசிவரை போவதில்லை. ஓய்வு பெறும்போது ஊழியர் சேமலாப நிதி கையில் வரும். பெண்கள் ஐம்பதிலும் ஆண்கள் ஐம்பத்தைந்திலும் அதைப் பெறும் உரிமை உடையவர்கள் என்பதால், மகளின் கலியாணத்துக்கோ மகனின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ அது முன்னரே கரைந்துவிடுவதும் உண்டு. 1983-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, சேவை செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினான்கு நாட் சம்பளம் கிடைக்கும். நாற்பது ஆண்டு உழைத்தவருக்கு அது ஐந்நூற்று அறுபது நாட் சம்பளம். மாதாமாதம் ஓய்வூதியம் வருவதில்லை. சேமலாபமும் பணிக்கொடையும் தீர்ந்த பிறகு உள்ள ஆயுளுக்குப் பொறுப்பு பிள்ளைகள். பிள்ளைகளோ கொழும்பில், கடைகளிலும் வீடுகளிலும் கட்டடங்களிலும்.

தேயிலைச் செடிக்கு இந்தத் துன்பம் கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்குக் கவ்வாத்து வெட்டுவார்கள். இலையெல்லாம் போய், கரிய மண்டையோடு போலக் கிடக்கும் மலை, இரண்டு மழைக்குப் பிறகு இளம்பச்சையாகிவிடும். பாட்டன்மார் நட்ட செடியிலேயே பேத்திமார் கொழுந்தெடுக்கிறார்கள். செடிக்கு வயதாவதில்லை, செடியைத் தொட்டவர்களுக்கே வயதாகிறது.

முதுமை உடம்பைச் சேர்ந்த விஷயம், ஆகையால் அது அவரவர் விதி என்று சொல்லுகிற வழக்கம் ஒன்றுண்டு. சங்கப் புலவர் பிசிராந்தையார் அப்படிக் கருதவில்லை. ஆண்டு பலவாகியும் உமக்கு நரை இல்லாதது எப்படி என்று அவரைக் கேட்டார்களாம். அதற்கு அவர் கூறிய மறுமொழி புறநானூற்றில் 191-ஆம் பாட்டாக இருக்கிறது. அந்த மறுமொழியில் மருந்தும் இல்லை, யோகமும் இல்லை. மாண்புடைய மனைவி, அறிவு நிரம்பிய மக்கள், தம் கருத்தை அறிந்து நடக்கும் ஏவலர், முறையல்லாதன செய்யாது காக்கும் அரசன், தம் ஊரில் வாழும் சான்றோர் ஆகிய இவற்றையே அவர் காரணமாகக் காட்டினார். ஐந்து காரணங்களுள் ஒன்று அரசன் என்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். தலைமயிர் நரைப்பதற்கும் நாட்டின் ஆட்சிக்கும் தொடர்பு உண்டு என்று இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒருவர் கண்டுவிட்டார். தோட்டத்து மூதாட்டி ஒருத்தி தன் பிறந்த நாளை அறியாதிருப்பதில் அவள் தாயின் பங்கு எவ்வளவு, அரசர்களின் பங்கு எவ்வளவு என்பதை அந்தப் பாட்டை வைத்துக்கொண்டு யோசிக்கலாம்.

நீதி வராமலே போகவில்லை. வயதான பிறகு வந்தது. 2003-ஆம் ஆண்டின் 35-ஆம் இலக்கச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் இந்நாட்டில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களுடைய சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை வழங்கியது. அவ்வாண்டு இறுதியில், சில தினங்களுக்குள் ஏறத்தாழ 1,90,000 பேர் உரிமை பெற்றனர். எந்தத் திகதி அவர்களைப் பிரித்ததோ, அதே திகதி இப்போது சேர்த்துக்கொண்டது. ஒப்பந்தத்துக்கு மறுநாள் பிறந்த பிள்ளைக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. அதே நாளில் அதே தோட்டத்தில் பிறந்த இன்னொரு பிள்ளையின் குடும்பம், அதற்கு வெகு முன்னரே கோச்சியில் தலைமன்னார் சென்று இராமேசுவரத்துக்குக் கப்பல் ஏறியிருக்கும். கூடலூரிலோ கோத்தகிரியிலோ, அங்கும் தேயிலை மலைச்சரிவில், அப்பிள்ளை வயதேறியிருக்கும்.

அடையாள அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 1972 முதல் வழங்கப்பட்ட அந்த அட்டையின் இலக்கத்திலேயே ஒருவரின் பிறந்த நாள் மறைந்திருக்கிறது. பழைய இலக்கத்தில் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டில் அது எத்தனையாவது நாள் என்பது. பெண்ணாயின் அதனுடன் ஐந்நூறு கூட்டப்படும். மார்ச் முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 061 என்றால், பெண்ணுக்கு 561. கடைசியில் ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். வாக்குரிமை உள்ளவருக்கு 'வீ', இல்லாதவருக்கு 'எக்ஸ்'. பிறந்த நாளும் பிரஜையா என்பதும் ஒரே வரியில்! 2016-க்குப் பின் வந்த பன்னிரண்டு இலக்க அட்டையில் அந்த எழுத்து இல்லை. அது நீங்கியதை மலையகத்தின் முதியோர் எவரும் விழா எடுத்துக் கொண்டாடவில்லை. ஆயினும் பழைய அட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து அந்த எழுத்தைப் பேரனுக்குக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில், பிறந்த நாள் என்பது ஓர் இன்பமான நாளாகவும் இருக்கக்கூடும் என்ற செய்தி லயங்களுக்குள் எப்படி நுழைந்தது? அதில் வானொலிக்கும் ஒரு பங்கு உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை ஒலிபரப்பிய பிறந்தநாள் வாழ்த்து, நாடெங்கும் பிள்ளைகள் காத்திருந்து கேட்ட நிகழ்ச்சி. தபாலட்டையில் பிள்ளையின் பெயர், ஊர், வாழ்த்தும் அப்பா, அம்மா, தாத்தா, அப்பாயி, மாமா, சித்தி எல்லாரையும் வரிசையாக எழுதி அனுப்பவேண்டும். பெயர் வாசிக்கப்பட்டுப் பாட்டொன்றும் ஒலித்தால், லயமே வாசலில் கூடிவிடும். செக்ரோலில் கூப்பிடுவதற்கு மட்டுமே பயன்பட்ட ஒரு பெயர், ஆகாயத்தில் அன்போடு சொல்லப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்கலாம். அந்தத் தபாலட்டையை எழுதுவதற்கு ஒரு திகதி வேண்டியிருந்தது. ஆகவே எழுபதுகளுக்குப் பின் பிறந்த பிள்ளைகளின் திகதியைத் தாய்மார் கவனமாகக் காப்பாற்றினார்கள். சட்டங்கள் மிரட்டிச் செய்யவைத்ததை ஒரு பாட்டு விரும்பிச் செய்யவைத்தது என்றால் மிகையாகாது.

இன்று ஹட்டன் பட்டணத்து வெதுப்பகத்திலிருந்து கேக் வருகிறது. பெயரும் எழுதி வருகிறது. மெழுகுவர்த்தியை ஊதி அணைப்பதுதான் பழைய தலைமுறைக்குச் சற்று உறுத்துகிறது. நல்ல நாளில் விளக்கை ஏற்றுவதே அவர்கள் அறிந்த வழக்கம். அணைப்பது வேறு நாளுக்குரியது. சில வீடுகளில் சமரசமாக, சுவாமி படத்துக்கு முன் குத்துவிளக்கை ஏற்றிவிட்டுப் பிறகு மெழுகுவர்த்தியை அணைக்கிறார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு.

2023-இல் மலையக மக்கள் ஒரு பெரிய பிறந்த நாளைக் கொண்டாடினார்கள். முதற் கோப்பித் தோட்டத்துக்கென ஆட்கள் கடல் கடந்து வந்து இருநூறு ஆண்டுகள் ஆயின என்பதை நினைத்து, அவ்வாண்டு ஜூலை இறுதியில் தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு கூட்டம், முன்னோர் நடந்த வழியே ஆகஸ்டில் மாத்தளை வரை நடந்தது. அந்த நடைபவனியில் வந்த முதியோருக்கும் தம் சொந்தப் பிறந்த நாள் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. தாங்கள் எந்த வழியாக வந்தவர்கள் என்பது தெரிந்திருந்தது. வழியோரத்தில் மாண்டவர்களுக்காக அவர்கள் ஆங்காங்கே நின்றார்கள்.

பொல்பிட்டியவின் மின்நிலையத்துக்கும் ஐம்பதாண்டு கடந்துவிட்டது. அதன் பழைய இயந்திரங்கள் மாற்றப்பட்டுப் புதியன பொருத்தப்பட்டன. மேலே மவுசாகலையில், கடும் வறட்சி வரும் ஆண்டுகளில் நீர் இறங்கும்போது, அமிழ்ந்துபோன பழைய மஸ்கெலியாவின் கோயில் வெளியே தெரியும். அப்போது அங்கே சென்று பார்ப்பவர்களுள் இளைஞர்கள் படம் பிடிப்பார்கள். வயோதிபர்கள் சேற்றின் ஓரத்தில் நின்று, கடைத்தெரு எங்கே இருந்தது, தாம் முதன்முதல் வளையல் வாங்கிய கடை எது என்று கைநீட்டிக் காட்டுவார்கள். ஆண்டுதோறும் வராவிட்டாலும், அவர்கள் தங்கள் வயதைச் சரிபார்த்துக்கொள்ளும் நாள் அதுவே என்று தோன்றுகிறது.

பிறப்புப் பதிவு அகப்படாதவர்களுக்கு உத்தேச வயதைக் குறித்துச் சான்றிதழ் வழங்கும் ஒழுங்கு இந்நாட்டில் உண்டு. 'உத்தேசம்' என்ற சொல் அந்தத் தாளில் அடக்கமாக நிற்கிறது. முதியோருக்கான உதவித்தொகைக்கோ வங்கிக் கணக்குக்கோ அலைந்து, ஒருவாறு அதைப் பெற்றுவந்த மூதாட்டியின் பேரப்பிள்ளைகள், இனி அதில் கண்ட திகதியிலேயே அப்பாயிக்குக் கேக் வெட்டலாம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள். அவளும் மறுப்பதில்லை, தலைக்கு எண்ணெய் வைத்து, வெள்ளைச் சேலை உடுத்தி, சொன்ன இடத்தில் உட்காருகிறாள். ஆனால் தான் பிறந்தது அந்த மாதத்தில் அன்று, ஆற்றில் பெருவெள்ளம் வந்து பாலத்தின்மேல் தண்ணீர் போன மழையில் என்பதை அன்றைக்கும் சொல்லத் தவறுவதில்லை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டே கேக்கைத் துண்டு போடுகிறார்கள்.